‘நான் இல்லேன்னா உங்க மூணு பேருக்கும் ஈஸி’ என்று சொன்ன பையன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். இரவு ஒன்றரை மணிக்கு, பையன் அறையின் கதவுக்கடியில் வெளிச்சம் தெரிவதைப் பார்த்துக்கொண்டே எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். நீங்கள் சம்மதித்தபடி, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றிவிட்டு, படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும் அளவுக்கு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2012-ல் உங்கள் கணவர் எச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்கு வந்தார். நீங்களும் நான்கு வயது மகனும் எச்-4 என்ற குடும்ப விசாவில். 2014-ல் அவரைக் கூட்டிவந்த கன்சல்டன்சி, பிராஜெக்ட் இல்லை என்று கைவிரித்தது. வேறு கம்பெனி மூலம் போட்ட மனு நிராகரிக்கப்பட்டு, இங்கே தங்க அனுமதிக்கும் ஐ-94 தேதியும் முடிந்தது. அன்றிலிருந்து உங்களுக்கு ஸ்டேட்டஸ் (சட்டப்படி தங்கும் நிலை), நம் பேச்சில் ‘பேப்பர்’, இல்லை. ஆறு மாதத்தில் சரிசெய்து தருகிறேன் என்று ஒருவர் பணம் வாங்கிக்கொண்டார், அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. 2015-ல் மகள் பிறந்தாள், அவள் பிறப்பால் அமெரிக்கக் குடிமகள். கணவர் ஒரு மளிகைக் கடையில் இரவு வரை வேலை செய்கிறார், சம்பளம் கையில் வருகிறது. மகன் இப்போது ஹைஸ்கூல் கடைசி வருடம், வரும் ஜனவரியில் பதினெட்டு முடிகிறது. பதினாறு வயதில், பள்ளியில் டிரைவிங் வகுப்புக்கான படிவத்தைக் கொண்டுவந்து சோஷியல் செக்யூரிட்டி நம்பர் என்னம்மா என்று கேட்டபோதுதான், வேலைக்கும் அரசுப் படிவங்களுக்கும் கேட்கும் அந்த எண்ணே அவனுக்கு இல்லை என்று சொன்னீர்கள். கூடவே, "இது நம்ம நாலு பேருக்குள்ள இருக்கணும், யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்றும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல மார்க் விழுந்தது. ஓட்டப்பந்தய அணியிலிருந்து விலகிவிட்டான். விடிகாலை மூன்று வரை முழிப்பு, பத்து வயதுத் தங்கையிடம் எரிந்து விழுவது, "எதுக்குப் படிக்கணும்?" என்ற பேச்சு. இது வயசுக் கோளாறா சோம்பலா என்று கேட்கிறீர்கள். கவுன்சிலரிடம் கூட்டிப்போனால் எங்கள் விஷயம் வெளியே போய்விடுமா, அவன் அப்பா சொல்வது போலப் போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடுமா என்றும் கேட்கிறீர்கள்.

பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். போன மாதம் ஒரு சண்டையில் அவன் சொன்னானாம்: "நான் இல்லேன்னா உங்க மூணு பேருக்கும் ஈஸியா இருக்கும்." கோபத்தில் ஏதோ உளறினான் என்று நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இன்றைக்கே அவனிடம் கேளுங்கள். சுற்றி வளைக்காமல், "நீ அன்னைக்குச் சொன்னது என் மனசுல இருக்கு. செத்துப்போகணும்னு தோணுதா?" என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமே என்று எல்லாப் பெற்றோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்கப்படும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு மூச்சு இறங்கும், அவ்வளவுதான். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் உங்கள் முகத்தையே பார்த்தாலோ, அவனைத் தனியே விடாதீர்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, பணம் கிடையாது, விசா என்ன ஸ்டேட்டஸ் என்ன என்று கேட்பது அவர்கள் வேலையும் கிடையாது. அவனுக்குப் பதில் நீங்களே அழைத்தும் என்ன செய்வது என்று கேட்கலாம். மருத்துவமனையின் அவசரப் பிரிவு யாராக இருந்தாலும் பார்த்தே ஆகவேண்டும் என்று 1986 முதல் கூட்டாட்சிச் சட்டமே இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911 என்ற அவசர உதவி எண், அந்த நேரத்தில் பேப்பரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இன்னொன்று: காஸ்ட்கோவில் வாங்கிய அந்த ஐந்நூறு மாத்திரை டைலனால் (காய்ச்சல், வலி மாத்திரை) டப்பா பாத்ரூம் அலமாரியில் இருந்தால் எடுத்துப் பூட்டிவிடுங்கள். நம் வீடுகளில் யாரும் அதை ஆபத்தான பொருளாக நினைப்பதே இல்லை.

இதைச் செய்துவிட்டுத்தான் கீழே படிக்கவேண்டும்.

சரி. இப்போது அந்த வரியை இன்னொரு முறை பாருங்கள். "உங்க மூணு பேருக்கும்" என்கிறான். ஏன் மூன்று? குடும்பத்தில் நான்கு பேர், அவனைக் கழித்தால் மூன்று, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. பையன் மூன்று மணி வரை விழித்திருந்து வீடியோ கேம் மட்டும் ஆடவில்லை, சட்டம் படித்திருக்கிறான். இந்த நிலையில் மனநல ஆலோசனைக்கு என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லோரும் படிக்கிறார்கள். குடியேற்றச் சட்டத்தின் பிரிவு எண்களைச் சட்டக் கல்லூரி மாணவர்களைவிடச் சரளமாகச் சொல்லும் பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவன் போட்டிருக்கும் கணக்கு இப்படி இருக்கும்: தங்கைக்கு 2036-ல் 21 வயது. அப்போது அவள் அப்பா அம்மாவுக்காக மனுப் போடலாம். நீங்கள் இருவரும் விசாவோடு முறையாக உள்ளே வந்தவர்கள் என்பதால், இன்றைய சட்டப்படி, தேதி தாண்டித் தங்கியிருந்தாலும் இங்கிருந்தபடியே கிரீன் கார்டு கேட்க வழி இருக்கிறது. அந்த வழியில் உங்களோடு ஒட்டிக்கொண்டு அண்ணன் வரமுடியாது. அண்ணனுக்குத் தனிப் பிரிவு, அதில் இந்தியர்களுக்கு வரிசை ஏறத்தாழ இருபது ஆண்டு, வரிசை நகர்ந்தாலும் இத்தனை வருடம் ஸ்டேட்டஸ் இல்லாமல் இருந்தது குறுக்கே நிற்கும். ஆகவே உங்கள் மூன்று பேருக்கும் ஒரு கதவு இருக்கிறது, அவனுக்கு இல்லை. அவன் சொன்ன "மூணு" அதுவாக இருக்கலாம்.

நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். அவனிடமே கேளுங்கள். ஆனால் நீங்கள் வீட்டில் விளையாட்டாகச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, மகளைப் பார்த்து "நீ பெரியவளாகி எங்க எல்லாரையும் காப்பாத்தணும்டி" என்று, அதை அவன் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறான். "எல்லாரும்" என்பதில் தான் இல்லை என்று அவனுக்குத் தெரியும். பத்து வயதுப் பெண்ணின் தலையில் நாலு பேர் பாரத்தை ஏற்றுவதும் நல்லதல்ல. இரண்டு பிள்ளைகளுக்காகவும் அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சோம்பல் இல்லை. பதின்ம வயதில் மனச்சோர்வு பெரியவர்களுக்கு வருவதுபோல அழுகையாக மட்டும் வராது, எரிச்சலாக வரும், வயிற்றுவலியாக வரும், பிடித்த ஒன்றை ஒரே நாளில் விட்டுவிடுவதாக வரும். அவன் ஓடுவதை விட்டதுதான் எனக்குப் பெரிய அறிகுறி. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தாலே பார்க்கவேண்டும், நீங்கள் ஒரு வருடத்துக்கு மேல் என்கிறீர்கள். அதே சமயம், இதை முழுக்க நோய் என்று சொல்லிவிடவும் எனக்கு மனமில்லை. வகுப்பில் எல்லோரும் அடுத்த வருடம் எந்த ஊரில் இருப்போம் என்று பேசும்போது தனக்கு அடுத்த வருடமே இல்லை என்று தோன்றினால் எந்தப் பிள்ளைக்கும் மனசு உடையத்தான் செய்யும்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1977-ல் பேப்பர் இல்லாத பிள்ளைகளிடம் பள்ளியில் சேர வருடத்துக்கு ஆயிரம் டாலர் கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982 ஜூன் 15 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: பொதுப் பள்ளி எந்தக் குழந்தையையும் இந்தக் காரணத்துக்காக வெளியே நிறுத்தக்கூடாது. உங்கள் மகன் கிண்டர்கார்டன் முதல் இன்றுவரை யாரும் ஒன்றும் கேட்காமல் படித்தது அந்தத் தீர்ப்பால்தான். அந்தப் பாதுகாப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதுவரை எல்லோரையும் போல இருந்த பிள்ளை, பதினாறிலிருந்து பதினெட்டுக்குள், லைசென்ஸ், பகுதிநேர வேலை, கல்லூரி விண்ணப்பம் என்று ஒவ்வொரு வாசலிலும் தான் வேறு என்று தெரிந்துகொள்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் இப்படிப்பட்ட 150 இளைஞர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த சமூகவியலாளர் ரொபெர்ட்டோ கொன்சாலெஸ், இந்த வயதில்தான் இவர்கள் ‘சட்டவிரோதமாக இருப்பது எப்படி’ என்பதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்கிறார். சாதாரணமாகப் பிள்ளைகள் வளர வளர வாசல்கள் திறக்கும். இவர்களுக்கு வளர வளர மூடுகின்றன.

‘டாகா’ பற்றிக் கேட்டிருந்தீர்கள், சிறு வயதில் கூட்டிவரப்பட்டவர்களை நாடுகடத்தாமல் தற்காலிகமாக விட்டுவைக்கும் திட்டம். அது அறிவிக்கப்பட்டதும் ஒரு ஜூன் 15-தான், 2012-ல். ஆனால் 2007 ஜூன் 15-க்கு முன்பிருந்தே இங்கே தொடர்ந்து இருப்பவர்களுக்கு மட்டும். உங்கள் மகன் அப்போது பிறக்கவே இல்லை. போதாதற்கு 2021 ஜூலையில் வந்த ஒரு நீதிமன்ற ஆணைக்குப் பிறகு புதிய மனுக்களுக்கு ஒப்புதல் தருவதும் நின்றுபோனது. அதனால் "டாகா வரும்" என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அவனுக்கு அது வராது என்று அவனுக்குத் தெரியும், நீங்கள் சொல்லும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும்தான் அவன் மனதில் பதியும்.

"எல்லாம் சரியாயிடும்" என்பதும் அப்படித்தான். பாசத்தில்தான் சொல்கிறோம், ஆனால் 2014-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது கொஞ்சம் கடுமையாக ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். பேப்பர் இல்லாதது உங்கள் கையில் இல்லை. பேசாமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் பையனை வாட்டுவதில் சரிபாதி அந்த இரண்டாவது விஷயம் என்றுதான் நினைக்கிறேன். நம் ஆட்கள் இங்கே சந்தித்துக்கொண்டால் ஊர் எது, கம்பெனி எது, அதற்கு அடுத்த கேள்வி "ஜிசி (கிரீன் கார்டு) வந்துடுச்சா?" தீபாவளி பார்ட்டியில் சமோசாத் தட்டோடு நிற்கும் மாமா ஒருவர் பையனிடம் "எந்த காலேஜ் அப்ளை பண்ற?" என்று கேட்பார். நல்ல மனிதர்தான், அவருக்கு அது வானிலை விசாரிப்பது மாதிரி. உங்கள் மகனுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பொய் தயாரிக்கவேண்டும், போன வாரம் யாரிடம் என்ன சொன்னோம் என்று நினைவும் வைத்துக்கொள்ளவேண்டும். எனக்கு கார் ஓட்டப் பிடிக்காது, எனக்கு ட்ரிப் போக ஆசை இல்லை, எனக்கு வேலைக்குப் போக போர் அடிக்கும். இப்படிப் பேசிப் பேசிக் கடைசியில் எதிலுமே ஆசை இல்லாத பையன் என்று நண்பர்களும் நம்பிவிடுகிறார்கள், அப்புறம் அவனும் நம்பிவிடுகிறான். இந்த நாட்டில் பேப்பர் இல்லாமல் இருக்கும் இந்தியர்கள் 2021-ல் சுமார் 7,25,000 பேர், மெக்சிகோவுக்கும் எல் சால்வடோருக்கும் அடுத்து மூன்றாவது இடம் என்று பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. தமிழ்ச் சங்க விழாவில் அப்படி ஒருவரும் இருக்கமாட்டார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் பையனும் தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

டிரைவிங் லைசென்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் 2021 மே மாதத்திலிருந்து ஸ்டேட்டஸ் இல்லாதவர்களும் லைசென்ஸ் எடுக்கலாம். உங்கள் கணவரே 2022-ல் எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பையன் கேட்டது அதற்கு இரண்டு வருடம் கழித்து. சட்டம் அவனைத் தடுக்கவில்லை, நீங்கள் பயந்து வேண்டாம் என்றீர்கள். போலீஸ் நிறுத்தினால் என்ன ஆகும் என்ற பயம் நியாயம்தான், இன்றைய நிலவரத்தில் அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் எது சட்டம் போட்ட தடை, எது நாம் போட்ட தடை என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லாமல் விட்டதால், எல்லாமே மூடிக்கிடப்பதாக அவன் நினைத்துக்கொண்டான்.

அதைவிட அவசரமான ஒன்று. நான் மனநல ஆலோசகர், வழக்கறிஞர் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். பதினெட்டு வயது ஆகும்வரை ஒரு பிள்ளை ஸ்டேட்டஸ் இல்லாமல் இருக்கும் நாட்கள் அவன் கணக்கில் ஏறுவதில்லை. பதினெட்டு முடிந்த நாளிலிருந்து ஏறத் தொடங்கும். 180 நாட்களைத் தாண்டிய பிறகு நாட்டைவிட்டு வெளியே போனால் மூன்று வருடம் திரும்ப வரமுடியாது, ஒரு வருடம் ஆகிவிட்டால் பத்து வருடம். அதாவது, ஜனவரியிலிருந்து ஏறக்குறைய ஜூலை வரை உங்கள் மகனுக்கு ஒரு தேதி ஓடுகிறது. அதற்குள் இந்தியாவுக்குப் போய்ப் படிக்கலாமா, போனால் பிறகு விசா கிடைக்குமா, அல்லது இங்கேயே இருந்து படிப்பதா, இங்கே வேறு வழி ஏதாவது உண்டா என்பதையெல்லாம் நல்ல குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர் அவனுடைய கோப்பைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். போ என்றோ இரு என்றோ நான் சொல்லவில்லை. நான்கு வயதில் விட்டுவந்த ஊர் அவனுக்கு ஊரே இல்லை, அவன் தமிழ் படிக்கத் திணறுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அப்படி ஒரு தேதி இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாமலே கடந்துபோய், மூன்று வருடம் கழித்து இணையத்தில் அவனே படித்துத் தெரிந்துகொண்டால், அன்றைக்கு உங்களிடம் அவன் கேட்கப்போகும் கேள்விக்கு என்னிடம் ஆறுதல் இருக்காது. ஏற்கெனவே அவன் படித்துவிட்டு, நீங்கள் சொல்வீர்களா என்று காத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

வழக்கறிஞர் என்றால் சட்டத்தொழில் செய்ய உரிமம் உள்ளவர், அல்லது அரசு அங்கீகாரம் பெற்று இலாப நோக்கற்ற அமைப்பில் வேலை செய்பவர். கடைக்குப் பக்கத்தில் ஃபார்ம் நிரப்பித் தரும் ஆள் வேண்டாம், ஒருமுறை பட்டது போதும். இரண்டு பேரிடம் கேளுங்கள். பையனையும் கூட்டிப்போங்கள். கேள்விகளை அவனே கேட்கட்டும்.

உங்கள் சொந்தக்காரர் ஒருவர் "ஒரு சிட்டிசன் பொண்ணைக் கட்டிவெச்சா முடிஞ்சுது" என்று அவன் முன்னாலேயே சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கல்யாணம் சட்டப்படி ஒரு வழிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பதினேழு வயதுப் பையனிடம் அதைச் சொன்னால் என்ன நடக்கிறது தெரியுமா? யாரையாவது பிடித்துப்போனால், இது பிடித்ததா, பேப்பருக்காகவா என்று அவனே அவனைச் சந்தேகப்பட ஆரம்பிக்கிறான். முப்பது வயதில் இன்னும் அந்தச் சந்தேகத்திலிருந்து வெளியே வராதவர்கள் என்னிடம் வருகிறார்கள். அந்தச் சொந்தக்காரரிடம் வாயை மூடச் சொல்லுங்கள், மரியாதையாகவே.

கவுன்சிலரிடம் போனால் விஷயம் வெளியே போகுமா? உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்ற சில விஷயங்களில்தான் நாங்கள் வெளியே சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஒருவரின் விசா நிலை அந்தப் பட்டியலில் கிடையாது. முதல் சந்திப்பிலேயே "ஸ்டேட்டஸைக் குறிப்பில் எழுதவேண்டாம்" என்று கேளுங்கள், விவரம் தெரிந்தவர்கள் எழுதமாட்டார்கள், ‘குடும்பச் சூழல் சார்ந்த மனஅழுத்தம்’ என்று எழுதினாலே போதும். பள்ளியில் இருக்கும் ஆவணங்களுக்கும் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பணம்தான் கவலை என்றால், நியூ ஜெர்சியில் 2023 ஜனவரி முதல், வருமான வரம்புக்குள் இருந்தால், பத்தொன்பது வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு ஸ்டேட்டஸ் பார்க்காமல் அரசுக் காப்பீடு உண்டு. மறைக்காமல் சொல்கிறேன், 2025-ல் மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீட்டின் தகவல்கள் குடியேற்றத் துறைக்குக் கொடுக்கப்பட்டு, அது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதனால் விண்ணப்பிக்கும் முன் அதே வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சமூக நல மையங்கள், பல்கலைக்கழகங்களின் பயிற்சி கிளினிக்குகள் இருக்கின்றன. தமிழ் பேசும் ஆலோசகர்தான் வேண்டும் என்று தேடாதீர்கள். உங்கள் மகனுக்கு நெருக்கமான மொழி ஆங்கிலம், அதோடு தமிழ் ஆள் என்றால் சங்கத்தில் யாரையாவது தெரிந்திருப்பாரோ என்று வாயே திறக்கமாட்டான். என்னிடமும் வேண்டாம்!

அங்கே என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கும். பேசிப் பேசிப் பேப்பர் வாங்கித் தரமுடியாது, உண்மைதான். பயமே தேவையில்லை என்று யாரும் சொல்லப்போவதும் இல்லை, சொன்னால் அவரிடம் மறுபடி போகாதீர்கள். பல வருடம் முன்பு ஒரு பெண் வந்தாள், அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். வாசல் மணி அடித்தால் அவள் வீட்டில் டிவியை அணைத்துவிட்டு எல்லோரும் மூச்சை அடக்கி நிற்பார்களாம். அமேசான் பார்சல் வந்தாலும் அப்படித்தான். அவளுக்குத் தூக்கமே இல்லை. நாங்கள் முதலில் செய்தது மூச்சுப் பயிற்சி இல்லை. அப்பா அம்மாவைப் பிடித்துவிட்டால் யாருக்கு முதலில் போன் செய்வது, வழக்கறிஞர் எண் எங்கே, தம்பியைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது, யாரிடம் வீட்டுச் சாவி இருக்கும் என்று குடும்பமாக உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதவைத்தோம். கதவைத் திறக்காமலே என்ன பேசலாம் என்பதையும் வழக்கறிஞரிடம் கேட்டு எழுதினார்கள். எழுதிய வாரம் அவள் ஆறு மணி நேரம் தூங்கினாள். ஆபத்து இம்மியும் குறையவில்லை. ஆனால் அது நாள் முழுக்க எல்லா அறையிலும் பரவிக்கிடந்தது போய், ஒரு தாளுக்குள் அடங்கியது.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்யலாம். ஞாயிறு சாயங்காலம் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். பேசவேண்டிய பேப்பர் விஷயம் முழுவதையும் அதற்குள் பேசிவிட்டு ஃபைலை மூடிவிடுங்கள், மற்ற ஆறு நாளும் சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு வேண்டாம். மகள் விஷயத்தில் பாதுகாவலர் ஏற்பாடு என்ன என்பதையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அவள் குடிமகள், அவளுக்கு என்ன கவலை என்று நினைக்காதீர்கள். ஓரிகன் மாநிலத்தில் அமெரிக்கக் குடிமக்களான பிள்ளைகளை ஆராய்ந்து 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. பிள்ளைகள் எல்லோருக்கும் பேப்பர் உண்டு, அம்மாக்களுக்கு இல்லை. அம்மாவுக்கு டாகா கிடைக்கும் வாய்ப்பு இருந்த குடும்பங்களில், பதற்றமோ, சூழலோடு ஒத்துப்போக முடியாத மனக்கோளாறோ கண்டறியப்பட்ட பிள்ளைகள் 7.8 விழுக்காட்டிலிருந்து 3.3 ஆகக் குறைந்தார்கள். குழந்தையின் பேப்பரில் ஒன்றும் மாறவில்லை, அம்மாவின் பயம் குறைந்தது, குழந்தைக்கு நோய் குறைந்தது. இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நீங்களும் யாரிடமாவது பேசவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

உங்கள் கணவரும்தான். கும்பகோணத்தில் அவர் அம்மா இறந்தபோது போகமுடியாமல், கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாட்ஸ்அப் வீடியோவில் தகனத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த நாள் வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டார், அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை என்றும். பையன் அன்றைக்குக் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனவன், அதைப் பார்த்தவன். பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இந்த மாதிரித் துக்கத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்: இழப்பு நடந்ததா இல்லையா என்றே தெளிவாகாமல் நிற்கும் இழப்பு, அதற்கு முடிவும் வராது, ஊர்கூடி அழும் சடங்கும் இருக்காது. உங்கள் கணவருக்கு நடந்ததும் அதற்கு நெருக்கமானது. ஆண்பிள்ளை இதையெல்லாம் இப்படித்தான் முழுங்கவேண்டும் போல என்று உங்கள் மகன் அங்கே கற்றுக்கொண்டிருப்பான்.

ஆகவே போனைப் பிடுங்குவது பற்றி: வேண்டாம். அவன் நிலையில் இருக்கும் மற்றவர்களோடு அவனுக்கு இருக்கும் ஒரே தொடர்பு அதற்குள்தான் இருக்கலாம். இரவு பன்னிரண்டுக்கு மேல் போன் ஹாலில் சார்ஜ் ஆகட்டும் என்று பேசி ஒப்பந்தம் போடுங்கள், வீட்டில் நாலு பேருக்கும் அதே விதி. தூக்கம் வந்தால் பாதி எரிச்சல் போகும்.

கல்லூரிக் கதவும் அவன் நினைக்கும் அளவுக்கு மூடியிருக்கவில்லை. நியூ ஜெர்சியில் மூன்று வருடம் ஹைஸ்கூல் படித்து முடித்தவர்கள் ஸ்டேட்டஸ் இல்லாவிட்டாலும் உள்ளூர்க் கட்டணத்தில் அரசுக் கல்லூரியில் படிக்கலாம் என்று 2013-ல் சட்டம் வந்தது, 2018 முதல் மாநில நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கலாம். இதுவும் கல்லில் எழுதியது இல்லை. டெக்சாஸில் 2001 முதல் இருந்த இதே மாதிரிச் சட்டம் 2025 ஜூனில் ஒரே நாளில் போய்விட்டது, உங்கள் மகன் அந்தச் செய்தியை உங்களுக்கு முன்பே படித்திருப்பான். அதனால் இந்த வருட நிலவரத்தைக் கல்லூரி அலுவலகத்திலும் அவன் பள்ளிக் கவுன்சிலரிடமும் கேட்கச் சொல்லுங்கள். பள்ளியில் நம்பிக்கையான ஒரே ஒருவரிடம், அவன் தேர்ந்தெடுக்கும் ஒருவரிடம், உண்மையைச் சொல்ல அவனுக்கு அனுமதி கொடுங்கள். அனுமதி என்ற வார்த்தையையே சொல்லுங்கள். பதினாறு வயதில் வாங்கிய சத்தியத்தை நீங்கள் திருப்பித் தராமல் அவன் மீறமாட்டான்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். செத்துப்போகணும்னு தோணுதா என்ற கேள்வி இன்றைக்கு, அதில் மாற்றம் இல்லை. பெரிய பேச்சுக்கு ஞாயிறு வரை பொறுக்கலாம். உங்கள் கணவர் ஞாயிறு காலை மொத்த விற்பனைக் கடைக்குக் காய்கறி எடுக்கப் போவாரே, அன்றைக்கு மகனையும் கூட்டிப்போகட்டும். இந்த வயதுப் பையன்கள் முகத்துக்கு நேரே பேசமாட்டார்கள், காரில் இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேசுவார்கள். அப்பா "தப்பு பண்ணிட்டேண்டா, உன்கிட்ட அப்பவே எல்லாத்தையும் சொல்லியிருக்கணும்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அதற்கு மேல் விளக்கவேண்டாம். அன்று சாயங்காலம் பூஜை அலமாரிக்குக் கீழே இருக்கும் அந்தப் பழைய சூட்கேஸை வெளியே எடுங்கள். பழைய பாஸ்போர்ட், எச்-4 தாள், ஐ-94, நிராகரிப்புக் கடிதம், பணம் வாங்கியவர் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் அவன் கையில் கொடுங்கள், வழக்கறிஞரிடம் எடுத்துப்போக அவனே தேதிவாரியாக அடுக்கட்டும். "ஏன் அப்பவே திரும்பிப் போகல?" என்று கேட்பான், நிச்சயம் கேட்பான். உனக்காகத்தான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்தக் கடனை அவன் தலையில் வைக்கவேண்டாம். 2014-ல் கையில் எவ்வளவு இருந்தது, ஊரில் வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி, யார் என்ன சொன்னார்கள், எதை நம்பினீர்கள், எதற்கு வெட்கப்பட்டீர்கள் என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கணக்கு அவனுக்கு நன்றாக வரும் என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள்.

வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், ஜனவரிக்கு முன்னால்.